கோழி மிதித்துச் சாகாத குஞ்சு கொத்துப்பட்டுச் சாகலாமா?

“கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். பெற்றவள் கண்டித்தால் பிள்ளை கெட்டுப்போகாது என்பதற்குச் சொல்லும் பழமொழி அது. பழமொழி சொல்வது உண்மைதான். தாய்க்கோழியின் கால் பட்டுக் குஞ்சு சாவதில்லை. ஆனால் தாயின் காலுக்குத் தப்பிய குஞ்சு, அயல் கோழியின் மூக்குக்குத் தப்புவதில்லை.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பகுதித் தோட்டத்துச் சாளைகளில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ இளங்குஞ்சுகள் செத்துப்போகின்றன. சிலவற்றை நோய் கொண்டுபோகிறது. சிலவற்றைப் பருந்தும் கீரியும் கொண்டுபோகின்றன. மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. அவை தம் மந்தைக்குள்ளேயே தீனிக்கும் தண்ணீருக்கும் இடம் கிடைக்காமல் மெலிந்து சாகின்றன. இதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. “சீக்கு வந்துடுச்சு” என்று சொல்லிக் குழி தோண்டிவிடுகிறோம்.

கோழிக் காசு என்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுக் காசு. பாலுக்குச் சங்கத்தில் கணக்கு உண்டு. பருத்திக்கும் மஞ்சளுக்கும் மண்டியில் கணக்கு உண்டு. கோழிக்கு நோட்டில் கணக்கில்லை. ஆனால் பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், அவசரத்துக்குப் பஸ் செலவும் அந்தக் காசில்தான் நடக்கின்றன. பத்துக் குஞ்சில் நான்கு போனால் அந்த வீட்டுக்கு அது சிறு நஷ்டமல்ல. அதனால்தான் கோழிகளின் கொத்து வரிசையைப் பற்றிச் சிறிது விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

சேவலை அறிந்தோம், பெட்டையை அறிந்தோமா?

கொங்கு நாட்டாருக்குக் கோழியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பார்கள். சேவலைப் பொறுத்தவரை அது சரி. பொங்கல் சமயத்தில் அரவக்குறிச்சிக்குப் பக்கத்திலுள்ள பூலாம்வலசில் சேவல்கட்டு என்றால் எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும். சிறுவிடை எது, பெருவிடை எது என்று குரலைக் கேட்டே சொல்லக்கூடியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒரு சேவலின் நிறத்தையும் நடையையும் பார்த்து அதன் குணத்தை எடை போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அதே வீட்டு வாசலில் எட்டுப் பெட்டைகள் மேய்கின்றன. அவற்றில் எது முதலில் தீனிக்கு வருகிறது, எது கடைசியில் வருகிறது என்று கேட்டால் பதில் இராது. சேவல் போடுவது சண்டை. அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பெட்டைகள் நடத்துவது ஆட்சி. அது சத்தமில்லாமல் நாள் முழுவதும் நடக்கிறது. ஒரு கோழி தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், இன்னொன்று வழிவிட்டு ஒதுங்கும். குஞ்சுகளின் பிழைப்பு இந்த ஆட்சியைப் பொறுத்ததுதான்.

கொத்து வரிசை என்பது என்ன?

இதை முதன்முதலில் முறையாக எழுதி வைத்தவர் நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெருப் எபே என்பவர். சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்தவர். 1921-இல் தம் ஆராய்ச்சியில் “கொத்து வரிசை” என்ற கருத்தை விளக்கினார். அதன் சாரம் எளிதானது. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது, முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். இப்படியே இறங்கிக்கொண்டு போனால், கடைசிக் கோழியை எல்லாம் கொத்தும். அது யாரையும் கொத்தாது. சில மந்தைகளில் ஒன்று இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவது திரும்பி முதலாவதையே கொத்தும் என்ற முக்கோணமும் உண்டு என்று அவர் கண்டார்.

இந்த வரிசை கெட்டது அல்ல என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வரிசை நிலைத்துவிட்ட மந்தையில் சண்டை குறைவு. யார் முன்னே, யார் பின்னே என்று எல்லாக் கோழிக்கும் தெரியும்; எனவே ஒவ்வொரு வேளைத் தீனிக்கும் புதிதாகச் சண்டை போட வேண்டியதில்லை. தொல்லை வருவது வரிசை கலையும்போதுதான். புதிய கோழி வந்தால் கலையும். நோம்பிக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று என்று தலைமைக் கோழியைப் பிடித்துவிட்டாலும் கலையும். உடனே இருக்கிற கோழிகளுக்குள் புதிய வரிசைக்குப் போட்டி தொடங்கும். அந்த நாட்களில் முட்டையும் குறையும்.

கோழிகள் ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் பார்த்தே பெரும்பாலும் அடையாளம் தெரிந்துகொள்கின்றன. ஒரு கோழியைச் சில வாரங்கள் பிரித்து வைத்துத் திரும்ப விட்டால், பழைய கூட்டாளிகளே அதை அந்நியமாக நினைத்துக் கொத்துவது இதனால்தான். காயத்துக்கு மருந்து போடப் பிரிக்கும் கோழியைக்கூட, மற்றவற்றின் கண்ணுக்குத் தெரியும்படி வலைக்குள் வைப்பது நல்லது.

தாய் இருக்கும்வரை கவலை இல்லை

குஞ்சுகள் இரண்டு மூன்று வாரத்திலேயே ஒன்றோடொன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளையாட்டுச் சண்டை போடும். அந்த விளையாட்டு மெல்ல மெல்ல வரிசையாக மாறும். ஏறக்குறைய ஆறு முதல் பத்து வாரத்துக்குள் அந்த ஈட்டுக் குஞ்சுகளுக்குள் யார் முன்னே என்பது தீர்மானமாகிவிடும்.

அதுவரை பெரிய கோழிகளிடமிருந்து அவற்றைக் காப்பது தாய்தான். அடைக்கோழி இருபத்தொரு நாள் கிடந்து குஞ்சு பொரித்து வெளியே வரும்போது அதன் கோபத்தைப் பாருங்கள். நாயையே எதிர்க்கும். மற்றக் கோழிகள் தீனியை விட்டு விலகும். தாயின் மரியாதையில் குஞ்சும் தின்கிறது.

ஆறு, எட்டு வாரம் ஆனதும், சில கோழிகளில் இன்னும் சற்றுத் தள்ளியும், தாய் தன் குஞ்சுகளையே கொத்திப் பிரிக்கும். அன்றைக்கு அந்தக் குஞ்சு தாயின் நிழலை இழக்கிறது. மந்தையின் கடைசி வரிசையில் போய் நிற்கிறது. பெரிய கோழிகளுக்கு அது அந்நியக் கோழிதான். நாட்டுக்கோழி வளர்ப்பில் மிகவும் ஆபத்தான நாட்கள் என்று பொரித்த முதல் வாரத்தைச் சொல்வார்கள். இரண்டாவது ஆபத்து இந்தப் பிரிப்பு நாட்கள் என்பது என் அபிப்பிராயம். முதல் வாரத்தில் நாம் கண்ணும் கருத்துமாக இருக்கிறோம். இரண்டாவது கண்டத்தில், “குஞ்சு தேறிவிட்டது” என்று கையைக் கழுவிவிடுகிறோம்.

நோயா, பசியா?

மூலையில் ஒரு குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நிற்கிறது. நோயா, பசியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெள்ளைக்கழிச்சல் என்றால் ஒன்றோடு நிற்காது. இன்று ஒன்று, நாளை மூன்று என்று பரவும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல் இருக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். கொத்துப்பட்ட குஞ்சு அப்படி அல்ல. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டுதான் நலிந்திருக்கும். தலையின் பின்புறத்திலும், முதுகிலும், வாலடியிலும் இறகு போயிருக்கும். எல்லாவற்றையும்விட எளிய சோதனை ஒன்று உண்டு. மாலையில் அடைக்கும்போது கழுத்தடியிலுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நன்றாக மேய்ந்த குஞ்சுக்கு அது உருண்டையாக நிரம்பியிருக்கும். கொத்துப்பட்டு ஒதுங்கிய குஞ்சுக்கு வெறும் தோலாகத் தொங்கும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெறும் பையோடு அடையும் குஞ்சு, அந்த மந்தையின் கடைசிக் குஞ்சு.

பசியும் நோயும் வேறு வேறு என்று நினைப்பதும் தவறு. ராணிக்கேத் நோய் எனப்படும் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து உண்டு. குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத் என்ற ஊரில் 1920-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். முதல் வாரக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவார்கள். எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி போடுவார்கள். இடையில் தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தும் உண்டு. குடற்புழு மருந்தும் அநேகமாகத் தண்ணீரில்தான் போகிறது. இங்கேதான் கொத்து வரிசை நம்மை ஏமாற்றுகிறது. ஒரே தட்டில் மருந்துத் தண்ணீர் வைத்தால் முன்வரிசைக் கோழிகள் வயிறு நிறையக் குடிக்கும். கடைசிக் குஞ்சு கிட்டவே வராது. “எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்தாயிற்று” என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். நோய் வரும்போது அந்தக் குஞ்சில்தான் முதலில் பற்றும். ஆகவே மருந்துத் தண்ணீரை இரண்டு மூன்று தட்டில் பிரித்து வைக்க வேண்டும். கையில் பிடித்துச் சொட்டு விடுவதும், ஊசி போடுவதும் இந்த விஷயத்தில் நிச்சயமான வழி.

நான்கு வாரக் குஞ்சுகளைப் பற்றி ஒரு சொல்

அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு கிராமப் பெண்களுக்கு நான்கு வார வயது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 25, 40 என்று மொத்தமாக வழங்கியிருக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. முதல் நான்கு வாரச் சூடும் ஆபத்தும் கடந்த குஞ்சு கைக்கு வருகிறது.

ஆனால் நான்கு வாரம் என்பது, தாய் இருந்திருந்தால் இன்னும் இறக்கைக்குள் வைத்திருக்கும் வயது. அந்தக் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. அவற்றை வீட்டுக்குக் கொண்டு வந்து, ஏற்கெனவே ஆறு ஏழு பெரிய கோழிகள் மேயும் வாசலில் அன்றைக்கே திறந்து விட்டால் என்ன ஆகும்? முதல் வாரத்திலேயே சில ஒதுங்கும். சந்தையில் பத்துக் குஞ்சு வாங்கி வருபவர்களுக்கும் இதே கதிதான். குஞ்சோடு கூண்டும் தீனியும் கொடுப்பதுபோல, மந்தையில் சேர்க்கும் முறையையும் அரைநாள் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கோவை சரவணம்பட்டியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சொல்லித்தர ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. பாடத்தில் இதற்கும் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

சேர்க்கும் முறை

முதலில், வெளியிலிருந்து வரும் குஞ்சை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும். பழைய கோழிகளிலிருந்து தூரமாக, தனித் தட்டு, தனித் தண்ணீர். நோய் ஏதும் கூட வந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, அதன்பின் ஒரு வாரமாவது கம்பிவலைக்குள் வைத்து, பழைய கோழிகள் கண்ணால் பார்க்கும்படி விட வேண்டும். வலைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று எனத் தீனி வைத்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே தின்னும். முகம் பழகும்.

மூன்றாவதாக, ஒற்றைக் குஞ்சாக ஒருபோதும் விடாதீர்கள். நான்கைந்தாகச் சேர்த்து விட்டால் கொத்து பங்காகிவிடும். உருவத்தில் மிகச் சிறியதைப் பெரியவற்றோடு விட வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை பொறுத்தால் நல்லது.

நான்காவதாக, வலையைத் திறப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டும் நேரத்தில் புதியவற்றைப் பழையவற்றோடு அடையவிட்டால் இரவில் சண்டை இராது. மறுநாள் விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தீனியை மூன்று நான்கு இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி போடுங்கள். கட்டுத்தரையோரம் ஒன்று, தென்னையடியில் ஒன்று, சாளைக்குப் பின்புறம் ஒன்று என்று இருக்கட்டும். முதல் கோழியால் ஒரே சமயத்தில் மூன்று இடத்தைக் காவல் காக்க முடியாது.

கொடாப்பைக் கல்லின்மேல் வையுங்கள்

காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. கோழியை மூடும் கொடாப்பு வீட்டில் இருக்கும். அதைக் கவிழ்த்து மூன்று கல்லின்மேல் தூக்கி வையுங்கள். கீழே குஞ்சு நுழையும் அளவு சந்து இருக்க வேண்டும். பெரிய கோழி நுழையக் கூடாது. உள்ளே குருணையும், உடைத்த கம்பும் மக்காச்சோளமும், சிறு தட்டில் தண்ணீரும் வையுங்கள். இரண்டு நாளில் குஞ்சுகள் வழி பழகிவிடும். கொத்து விழுந்தால் ஓடி ஒளியவும் அதுவே இடம். குஞ்சு வளர வளரக் கல்லை உயர்த்திக்கொண்டே போகலாம்.

புரதச் சத்துக் குறைந்தாலும், இடம் நெருக்கமானாலும், வெயில் தாங்க முடியாமல் போனாலும் கொத்து அதிகமாகும். பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த கோணிச் சாக்கும் நனைத்துப் போட்டு, புற்றுக்குப் பக்கத்தில் இரவில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. முருங்கை, அகத்திக் கொத்தைக் குஞ்சுக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் மூக்குக்கு வேலை கிடைக்கும். ரத்தம் கசியும் காயத்தோடு எந்தக் குஞ்சையும் கூட்டத்தில் விடக்கூடாது. சிவப்பைக் கண்டால் எல்லாம் அங்கேயே கொத்தும். உடனே பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, ஆறியபின் சேருங்கள்.

தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்கலாம். குஞ்சுக்கு ஒன்று இரண்டு வாட் கணக்கில் குண்டு பல்பு போடுங்கள். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கினால் குளிர். ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். குளிரில் நெருக்கும் குஞ்சுகளில் சிறியது அடியில் சிக்கும்.

மூக்கை வெட்டலாமா?

முட்டைப் பண்ணைகளில் மூக்கு நுனியை வெட்டுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கோழிக்கும் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது என்பேன். கூண்டில் மூன்று நான்கு கோழிகள் அடைபட்டிருக்கின்றன. தோற்ற கோழி ஓடுவதற்கு இடமில்லை. தீனி தட்டில் வருகிறது. நம் வாசல் கோழி மண்ணைக் கிளறி, புழு பூச்சி பொறுக்கிப் பிழைக்கிறது. அதன் மூக்கை வெட்டுவது உழவனின் மண்வெட்டியை ஒடிப்பதற்குச் சமம். தோற்ற கோழிக்கு ஓட இடம் கொடுப்பதே வாசல் வளர்ப்பின் பலம். ஒரு கிளுவை வேலி, ஒரு விறகுக் குவியல், சாய்த்து வைத்த ஒரு படல் போதும். கொத்தும் கோழியின் கண்ணிலிருந்து மறைந்தால் கொத்து நின்றுவிடும்.

“வலுத்தது பிழைக்கட்டும்” என்பவர்களுக்கு

கடைசியாக ஒரு வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். “வலுத்தது பிழைக்கும், நோஞ்சான் போகட்டும், மந்தை சுத்தமாகும்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் கடைசியில் நிற்கும் குஞ்சு நோஞ்சானாகப் பிறந்ததல்ல. அநேகமாக, கடைசியாக வந்த குஞ்சு அது. அல்லது தாயைச் சீக்கிரம் இழந்த குஞ்சு. அதுவே நாளைக்கு நல்ல முட்டைக் கோழியாகலாம்.

கொத்துகிற கோழி நல்ல கோழி என்பதும் நிச்சயமில்லை. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்து வில்லியம் முய்ர் என்பவர் 1996-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். தனிக் கோழியைப் பார்க்காமல், கூண்டோடு சேர்த்து நன்றாக இருந்த கோழிக் குடும்பங்களிலிருந்து அடுத்த தலைமுறையை எடுத்தார். மூக்கு வெட்டாமலே, ஆண்டுச் சாவு 68 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காட்டுக்குள் இறங்கியது, முட்டையும் பெருகியது. கூட்டத்தோடு ஒத்துப்போகும் கோழியே மொத்தத்தில் லாபம் தரும் என்பது இதன் பாடம். அடைக்கு முட்டை எடுக்கும்போது முரட்டுக் கோழியின் முட்டையையே தேடாதீர்கள். போன ஈட்டில் எந்தக் கோழி அதிகக் குஞ்சைக் கரை சேர்த்ததோ, அதன் முட்டையை வையுங்கள்.

கொத்து வரிசையை நம்மால் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டியதில்லை. முதல் கோழி முதலில் தின்னட்டும். கடைசிக் குஞ்சும் தின்றதா என்று பார்ப்பது மட்டும் வளர்ப்பவரின் வேலை. இன்றைக்கு அந்தியில் கோழி அடைக்கும்போது ஒவ்வொரு குஞ்சின் தீனிப்பையையும் ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். வெறும் பை எது என்று தெரிந்துவிட்டால், நாளைக் காலையில் எந்தக் குஞ்சுக்குக் கொடாப்பைத் தூக்கி வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.